நாய்க்குக் கொஞ்சம் நேத்தையது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். சுகமில்லை என்று எழுதினால் உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, எதைச் சாப்பிட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவாய். ஆகவே சுகம். உன் அண்ணிக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை. மாடிப்படி ஏறும்போது வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். எந்தத் தைலத்தையும்விட அது நன்றாக வேலை செய்கிறது. மாப்பிள்ளை உங்கள் தோட்டத்துத் தக்காளியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அழகாக இருந்தது. எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் தக்காளி படத்தில்தான் கட்டுப்படியாகிறது.

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. பழுப்புக் காகிதம், முன்னட்டையில் ஒரு ரொட்டித் துண்டு, பின்னட்டையில் நீ. நன்றியுரையில் என்னையும் சேர்த்திருக்கிறாய்: "சில்லறை வணிகத் துறையில் பணியாற்றும் என் அண்ணனுக்கு." கடை என்று எழுதாமல் துறை என்று எழுதியதற்கு நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் இருவருக்கும் ஒரே கோடையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும், ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னதும், "அவ படிக்கட்டும், நீதான் சமாளிச்சுக்குவியே" என்று என் தோளைத் தட்டியதும் புத்தகத்தில் இல்லை. அது சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்பதைப் பற்றிய புத்தகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் புத்தகம் முழுக்கப் பங்கீட்டைப் பற்றித்தானே பேசுகிறது, அதனால் தேடினேன்.

உன் எழுத்தால் எங்கள் கடையில் என்ன நடக்கிறது என்று நீ கேட்டிருந்தாய். சொல்கிறேன். கடையில் என் பெயர் வாத்தியார். விலைப்பலகையில் "முட்டைகள் புதியது" என்று இருந்ததை ஒருநாள் அழித்துப் "புதியவை" என்று எழுதினேன். அன்று ஒட்டிய பெயர். ரொட்டி, பால், முட்டை மூன்றும் என் பொறுப்பு. பிற்பகலில் முந்தின நாள் ரொட்டிகளைப் பிரித்து, மஞ்சள் சீட்டு ஒட்டி, பாதி விலையில் ஓர அலமாரியில் வைப்பேன். அதை வாங்க வருகிறவர்களை எனக்கு நடையிலேயே தெரியும். சோப்பு பார்க்கிற மாதிரி வருவார்கள். விளக்குமாற்றைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு ஏதோ தடுக்கி விழப்போகிறவர் பிடித்துக்கொள்வது போல ரொட்டியை எடுப்பார்கள். கல்லாவில் நிற்கும்போது மஞ்சள் சீட்டின் மேல் கட்டைவிரல் இருக்கும்.

இப்போது உன் புத்தகத்தைப் படித்துவிட்டுத் துணிப்பைக்காரர்கள் வருகிறார்கள். நேரே அலமாரிக்கு வந்து, "நேற்றையது எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்கிறார்கள். நேற்றையது. ஒரு எழுத்து பிசகாமல், உன் புத்தகத்தில் இருப்பது போலவே. மஞ்சள் சீட்டு வெளியே தெரியும்படி பையில் அடுக்கி, படமெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு அம்மையார் என்னிடம், "இவ்ளோ நல்ல ரொட்டிய யாருமே வாங்காம வீணாப் போகுதேன்னு நெனச்சா மனசே கேக்கல" என்றார். அந்த அலமாரியில் எதுவும் வீணாய்ப் போனதே கிடையாது என்று சொல்ல நாக்கு துடித்தது. சம்பளம் வாங்குகிற நாக்கு, அடங்கிக்கொண்டது. வேலை முடிந்து வழக்கமான ஆட்கள் வரும்போது அலமாரி துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. புது ரொட்டியின் விலையைப் பார்க்கிறார்கள், விளக்குமாற்றைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். இரண்டு விலையிலும் வாங்க முடிகிறவர் குறைந்த விலையில் வாங்கி நல்லவராகிறார். ஒரு விலையில் மட்டும் வாங்க முடிகிறவர் சோப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார். இதைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்குமோ என்று பொருளடக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

ஆனால் நாயைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது.

அதைப் படித்துவிட்டு உன் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தை இவ்ளோ இரக்கசாலியா? நீங்க சொன்னதே இல்லையே" என்று என்னைக் கேட்டாள். தெருநாய்க்காக அம்மா தினமும் ரொட்டிக்கடையில் போய் முந்தின நாள் ரொட்டி கேட்டு வாங்கினாள், அதற்குப் போக மிஞ்சியதை நாம் சாப்பிட்டோம், ஒரு விலங்கோடு ஒரே ரொட்டியைப் பகிர்ந்துகொண்ட வீடு நம் வீடு என்று எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

பாப்பா, நம் வீட்டில் நாய் இருந்ததில்லை. தெருவிலும் இல்லை. "நாய்க்குக் கொஞ்சம் நேத்தையது இருக்கா?" என்று அம்மா கேட்பாள், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில். நீ அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் கடைக்காரர் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, "எத்தனை நாய்மா வளக்கறீங்க?" என்று கேட்டார். சும்மா கேட்டாரோ, தெரிந்துதான் கேட்டாரோ. அம்மா அசரவில்லை. "ரெண்டு. சின்னது ஓரத்தை வெச்சிடும். பெருசு எதைப் போட்டாலும் சத்தமில்லாம தின்னுடும்" என்றாள். வழியெல்லாம் நீ நம் நாய்கள் எங்கே இருக்கின்றன என்று நச்சரித்தாய். நீ தூங்கின பிறகு தெருமுனைக்கு வரும் என்று அம்மா சொன்னாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவகிட்ட சொல்லிடாத, சின்னதாவது தெரியாம இருக்கட்டும்" என்றாள்.

நான் சொல்லவில்லை. அம்மா போன பிறகும் சொல்லவில்லை. நீ தட்டில் ஒதுக்கிய ஓரங்களையெல்லாம் தின்றவன் நான். அதனால்தான் எனக்குப் பல் கெட்டியாக இருக்கிறது, நாக்கும்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண், வேலை முடிந்து சீருடையோடு எங்கள் கடையின் பின்வாசலுக்கு வருவாள். முன்பெல்லாம் மஞ்சள் சீட்டிலும் விற்காமல் போனதை, உறை கிழிந்ததை, விலங்குக்கு என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடுவோம். முதல் நாள் அவள் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணே, நாய்க்குக் கொஞ்சம் நேத்தையது கிடைக்குமா?" நாற்பது வருடம் கழித்து அதே வாக்கியம், அதே குரலில்.

அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த நாயைப் பற்றித்தான் பேச்சு. "எள்ளு போட்டது இருந்தா வைங்கண்ணே, அதுக்கு ரொம்பப் பிடிக்குது" என்பாள். "அதுக்கு நாக்கு நீளம்மா" என்பேன். ஒருநாள் அவசரத்தில் வாய் தவறி, "பரீட்சை நேரம், சரியாவே சாப்பிட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டாள். சொன்னபின் அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. நான் பையின் வாயைக் கட்டியபடி, "தண்ணி நிறைய குடிக்கச் சொல்லு, தானா பசிக்கும்" என்றேன். இருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறுநாள் வந்திருக்க மாட்டாள்.

துணிப்பைக்காரர்கள் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்த பிறகு பின்வாசலுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே மஞ்சள் சீட்டு ஒட்டும்போதே ஒரு பையில் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவேன். சென்ற வாரம் ஒரு துணிப்பைக்காரர் அதைப் பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். பழக்கத்தில் நாய்க்கு என்றேன். அவர் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். மனிதர் உண்ணத் தக்க ரொட்டியை இந்த ஆள் நாய்க்குப் போடுகிறார் என்று. உன் பத்தாம் அத்தியாயத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறார்: "மனிதர் உண்ணத் தக்க எதுவும் விலங்குக்குத் தீவனமாகக் கூடாது." அதைக் கம்பெனி பெரிய எழுத்தில் அச்சடித்துக் கிடங்குச் சுவரில் மாட்டியிருக்கிறது. நாய்க்கு ரொட்டி போட்ட அம்மாவை ஏழாவதில் புகழ்ந்துவிட்டுப் பத்தாவதில் இப்படி எழுதினால், வாத்தியார் என்ற முறையில் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

மேலாளர் என்னைவிட இருபது வயது இளையவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. "வாத்தியாரே, எந்த வீட்டு நாய்? ஆளைச் சொல்லுங்க, நானே விசாரிச்சிட்டு முடிச்சிடறேன். இல்லன்னா மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும், அப்புறம் உங்க வேலை என் கையில இல்ல" என்றார். அலமாரி திறப்பு விழாவுக்குள் எழுத்தில் பதில் வேண்டுமாம். நாய் இல்லை, பிள்ளைகளுக்குத்தான் என்று எழுதினால் என் வேலை தப்பும். அந்தப் பெண் பிறகு அந்த வாசலில் நிற்க மாட்டாள்.

அந்த விழாவுக்குத்தான் நீ வருகிறாய். ஓர அலமாரிக்கு "நேற்றையது" என்று பெயர் சூட்டி, நாடாவை வெட்டப்போகிறாய். என்னைத் தட்டு தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். சிபாரிசு செய் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று: மேடையில் அந்த நாய்க் கதையை மட்டும் சொல்லாதே. தட்டோடு நின்று அதைக் கேட்க என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். எங்கிருந்தாலும் நீ வயிறார உண்டு நன்றாக இரு.

உன் அண்ணன்

*

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. படித்துவிட்டு அழுததாக எழுதியிருக்கிறாய். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி, மறைக்க மாட்டேன். அப்புறம் உன் அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் திருப்தி போய்விட்டது. உன்னை அழவைக்க நான் எழுதவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆனால் நீ செய்யப்போவதாக எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. மேடையில் ஏறி, அந்த நாய் நாங்கள்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறாயாம். அதோடு பெயர் குறிப்பிடாமல் ஒரு சலவைத் தொழிலாளியின் கதையையும் சொல்லி, என் வேலையையும் காப்பாற்றப்போகிறாயாம். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறாய். கொஞ்சம் நிதானமாக யோசி.

நீ சொன்னால் கைதட்டுவார்கள். நீ ஏறி வந்துவிட்டவள். வந்தவர்களுக்கு ஏணி அழகாகத் தெரியும். "நாங்கள் பழைய ரொட்டி தின்றோம்" என்று நீ சொன்னால் அது உனக்கு ஒரு பதக்கம். துணிப்பைக்காரருக்கும் அப்படித்தான், எதை வேண்டுமானாலும் தின்ன முடிகிறவர் நேற்றையதைத் தின்றால் அது கொள்கை. அந்தச் சலவைப் பெண்ணுக்கு அப்படி இல்லை. அவளுடைய மேற்பார்வையாளரே துணிப்பையோடு எங்கள் கடைக்கு வருகிறார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, மருத்துவமனைச் சீருடையில் பின்வாசலுக்கு வருகிறவள் அவள் ஒருத்திதானே. மறுநாளே அவள் வீட்டு வாசலில் யாராவது ஒரு கூடை நிறைய இரக்கத்தை இறக்கிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளைப் பார்த்துக் குரைப்பதற்கும் யாராவது இருப்பார்கள்.

நாய் என்று அவள் சொல்வது பொய் என்று உனக்குத் தோன்றலாம். அது அவள் வீட்டுக் கதவு, பாப்பா. மெல்லிய கதவு, தாழ்ப்பாள்கூடக் கிடையாது. தள்ளினால் திறந்துவிடும். அதனாலேயே யாரும் தள்ளக் கூடாது. அம்மாவுக்கு அந்தக் கதவு இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் கடைசிவரை தள்ளவில்லை. ரெண்டு நாய் என்று அம்மா சொன்னதும், அவர் பேசாமல் இரண்டாவது ரொட்டியையும் எடுத்துப் பையில் போட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மா ஊரின் அந்தப் பக்கத்துக் கடைக்கு நடந்திருப்பாள்.

ஆகவே போன கடிதத்தில் நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நாய்க் கதையைச் சொல். புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே, ஒரு சொட்டு இரக்கம் குறையாமல் சொல். தெருமுனை, வாலாட்டல், எல்லாம் வேண்டும். சொல்லிவிட்டு, இந்த அலமாரியில் அடுக்குவதற்கு முன்னால் நாய்க்கென்று ஒரு பை பின்வாசலில் வைக்க வேண்டும், எந்த வீட்டு நாய் என்று யாரும் கேட்கக் கூடாது, என் அம்மாவின் நினைவாக இதைச் செய்யுங்கள் என்று சொல். பத்தாம் அத்தியாயத்துக்கு இது ஒரு விதிவிலக்கு என்று சொல். உன் வாயால் வந்தால் மறுநாளே சுவரில் மாட்டிவிடுவார்கள். நான் சொன்னால் வாத்தியார் இலக்கணம் பேசுகிறார் என்பார்கள்.

உண்மையைச் சொல்வது உன் தொழில். உன்னைப் போய்ப் பொய் சொல்லச் சொல்கிறேன். என்னால் செய்ய முடிகிறது, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான், அதை நான் செய்துகொண்டிருக்கிறேன். மேலாளருக்கு இன்னும் பதில் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. வேலை போனால் போகட்டும் என்று உன் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "கீழ் வீடு காலியாகுதுன்னு சொன்னாங்க, வாடகையைக் கேட்டு வெச்சிருந்தேன்" என்றாள்.

பத்திரமாகப் பயணம் செய். அம்மாவின் ஆசி உன் நாக்கில் இருக்கட்டும்.

உன் அண்ணன்

*

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். விழாக்காரர்கள் உன்னைக் காரில் ஏற்றிக் கூட்டிப்போன வேகத்தில் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. வீட்டுக்கு வருவாய் என்று உன் அண்ணி சமைத்து வைத்திருந்தாள். எதுவும் வீணாகவில்லை, நாங்களே சாப்பிட்டோம். இதை ஒரு குறையாக எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் எழுதுகிறேன்.

நீ கதை சொன்னபோது மேலாளர் மூக்கை உறிஞ்சினார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பதில் வேணாம் வாத்தியாரே, அதை விட்டுடுங்க" என்றார். பின்வாசலில் ஒரு கொக்கி அடித்து, பை மாட்டி, மேலே ஒரு நாயின் படமும் ஒட்டியிருக்கிறார்கள். பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது. கீழே "யாரையும் கேட்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. அது பிழையில்லாமல் இருக்கிறது. புகார் கொடுத்தவர் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார், உங்க நாய் நல்லா இருக்கா?" என்று விசாரித்தார். நேற்று ஒருவர் நிஜமாகவே ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். நல்ல ஜாதி நாய். அது ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருக்குத்தான் அவமானமாகப் போய்விட்டது.

இதைப் பெரிய வெற்றி என்று அடுத்த பதிப்பில் எழுதிவிடாதே. முன்பக்க அலமாரி இன்னமும் வழக்கமான ஆட்கள் வருமுன்னே காலியாகிறது. நீ சூட்டிய பெயர் அதன் மேல் பளபளக்கிறது. விளக்குமாற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கொக்கியில் மாட்டிய பை ஒன்றுதான் புதிது.

நீ மேடையில் சேர்த்துக்கொண்ட அந்த நாலு வரி புத்தகத்தில் கிடையாது. நானும் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு நாய் என்று நினைத்திருந்தேன், இரண்டு என்று அண்மையில்தான் தெரிந்தது என்றாய். சின்னது ஓரத்தை வைத்துவிடும் என்றாய். பெரியது அந்த ஓரத்தையெல்லாம் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாசலில் காவலுக்குப் படுத்துக்கொள்ளும் என்றாய். "அது இன்னமும் உறுமிக்கிட்டுதான் இருக்கு. ஆனா ஒருநாளும் யாரையும் கடிச்சதில்ல" என்று நீ சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணும் கேட்டிருக்கிறாள். பால் அடுக்குக்குப் பின்னால் சீருடையோடு நின்றிருந்தாளாம். மறுநாள் பின்வாசலுக்கு வந்தவள், பையை உடனே எடுக்கவில்லை. "உங்க தங்கச்சி நல்லாப் பேசினாங்கண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பன்றிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்லயும் ரெண்டுதான். எங்க சின்னதும் ஓரத்தை வெச்சிடும்" என்றாள். நான் தலையாட்டினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பி, "பெருசு பாவம்ண்ணே" என்றாள்.

இத்தனை வயதில் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. அவள் தன் வீட்டுப் பிள்ளையைத்தான் சொல்லியிருப்பாள். "அதுக்குப் பல்லு கெட்டியா இருக்கும், கவலைப்படாத" என்றேன்.

அடுத்த முறை வரும்போது காரை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வா. அநேகமாகக் கீழ் வீட்டில் இருப்போம், படி ஏற வேண்டாம். அன்றைய ரொட்டி வாங்கி வைக்கிறேன். ஓரத்தை நீ தட்டிலேயே வைத்துவிடு, பழக்கத்தை மாற்றிக்கொள்ளாதே.

மாப்பிள்ளையோடும் தக்காளியோடும் நீ நீடூழி நன்றாக இரு.

உறுமிக்கொண்டே உன்னை வாழ்த்தும்,
பெரியது